லெனின்கிராடு கிழவி கொடுத்த பெட்டி

நீங்க நாட்டியம் பத்மாசனி அம்மாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை கேட்டு எழுதிக்கிட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. நினைவு மலர் போடறீங்க, சரி. ஆனா என்கிட்ட அந்தம்மாவைப் பத்தி நல்ல வார்த்தை கிடையாதும்மா. முன்னாடியே சொல்லிட்டேன். மிருதங்கம் குஞ்சிதபாதம்னா கோபக்காரன்னு உங்ககிட்ட சொல்லித்தானே அனுப்பியிருப்பாங்க? சொல்லியிருப்பாங்க. உக்காருங்க. அந்த நாற்காலியில வேணாம், அதுல துணி கிடக்கு. இங்க உக்காருங்க. காபி கேக்காதீங்க, இவ, என் சம்சாரம், நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கா, எனக்குப் போடத் தெரியாது.

அந்தப் பெட்டியைப் பத்தித்தானே எல்லாரும் பேசறாங்க? ரஷ்யாக்காரி கொடுத்த தங்கப் பெட்டி, நூறு வருஷத்துக்கு மேல பழசு, மியூசியத்துல வெக்க வேண்டியதுன்னு. அதை முதல்ல கையில வாங்கினவன் நான். இந்த உள்ளங்கையில. அதை எழுதிக்குங்க, உங்க ரெக்கார்டர்லயும் பதியட்டும். அப்புறம் மிச்சத்தைச் சொல்றேன்.

எண்பத்தேழுல ரஷ்யாவுல நம்ம நாட்டு விழான்னு ஒண்ணு நடத்தினாங்க. ஆட்டக்காரங்க, பாட்டுக்காரங்க, பொம்மலாட்டம், எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பத்மாசனி அம்மா குழுவுல நாங்க ஏழு பேர். துணிமணி பாத்துக்கறதுக்கு ஒரு பொம்பளை வர்றதா இருந்துச்சு. கிளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடி அந்தப் பொம்பளைக்கு அம்மை போட்டுடுச்சு. டிக்கெட் வீணாப் போகுதேன்னு நான்தான் சொன்னேன், என் வீட்ல தைக்கத் தெரியும், கூட்டிக்கிட்டு வர்றேன்னு. அப்படித்தான் இவ வந்தா. என்னாலதான் வந்தா. விமானத்துல ஏறினதெல்லாம் என்னாலதான்.

லெனின்கிராடுல ஆறு நாள் நிகழ்ச்சி. பெரிய தியேட்டர். வெளியில பனி கொட்டுது, உள்ளே சூடு போட்டு வெச்சிருக்கான். அந்தச் சூட்டுல தோல் இறுகி சுருதி ஏறிக்குது. தொப்பியில, அதான் இடது பக்கத் தோல்ல, ரவையை அப்பினா பத்து நிமிஷத்துல காஞ்சு கொட்டிடுது. என் கஷ்டம் யாருக்குத் தெரியும்? இவதான் ரவையைப் பிசைஞ்சு, ஈரத்துணியில சுத்தி, கையிலயே வெச்சுக்கிட்டு பக்கத்துல நிப்பா. நான் கண்ணால காட்டினா நீட்டுவா. அது போகட்டும். அந்தக் குளிர்லயும் ஒரு நாள்கூட என் சுருதி பிசகலை. எழுதிக்கிட்டீங்களா?

அந்தத் தியேட்டர்ல துணிமணிக்குப் பொறுப்பா ஒரு கிழவி இருந்தா. வேரான்னு பேரு. எழுபது வயசு இருக்கும். சாம்பல் கலர்ல ஒரு அங்கி, கழுத்துல தொங்கற கத்தரிக்கோல். முதல் நாள்ல இருந்தே இவ பக்கத்துலயே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவா. இவளுக்கு ரஷ்ய பாஷையில ஒரு எழுத்து தெரியாது, அவளுக்கு நம்ம பாஷை தெரியாது. என்ன பேசினாங்களோ. நான் மேடையைப் பாப்பேனா, இதைப் பாப்பேனா?

மூணாம் நாள் பத்மாசனி அம்மாவோட ஆட்டத்துணியில விசிறி மடிப்பு இடுப்போட பிஞ்சு போச்சு. இன்னும் இருபது நிமிஷத்துல திரை தூக்கணும். அந்தம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. இவ அவங்களை நிக்க வெச்சு, உடம்போட சேர்த்தே மடிப்பு மடிப்பாத் தைச்சா. கிழவி ஊசியில நூல் கோத்துக் கோத்து நீட்டினா. முடிஞ்சப்ப எங்க பிஞ்சுதுன்னு அந்தம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியலை. ஆனா ஏழு நிமிஷம் தாமதம்மா! நான் கூட்டி வெச்ச சுருதி போச்சு. அந்த ஏழு நிமிஷத்துக்கு யார்கிட்ட போய் முட்டிக்கிறது?

கடைசி நாள். தில்லானாவுக்கு நான் வாசிச்ச கோர்வை இருக்கு பாருங்க, அதைக் கேட்டிருக்கணும் நீங்க. முடிஞ்சதும் அந்த ஜனங்க எல்லாரும் சேர்ந்து ஒரே தாளத்துல கை தட்டினாங்க. ஆயிரம் பேர், ஒரே காலப்பிரமாணம். தாளம் தெரிஞ்ச ஜனங்கம்மா. ஆட்டத்துக்கா அப்படித் தட்டுவாங்க?

அப்புறம் ஒப்பனை அறை. இதை நல்லாக் கேளுங்க. நான் நாற்காலியில உக்காந்து மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கிட்டிருக்கேன். பத்மாசனி அம்மா கண்ணாடி முன்னால நெத்திச்சுட்டியைக் கழட்டிக்கிட்டிருக்காங்க. இவ எனக்குப் பின்னால தரையில உக்காந்து துணி மடிக்கிறா. கிழவி உள்ளே வந்தா. கண்ணு கலங்கியிருக்கு. கைக்குட்டையில சுத்தி ஒண்ணு வெச்சிருக்கா. நேரா என்னைப் பாத்து வந்தா. ரெண்டு கையாலயும் நீட்டினா. ஏதோ சொன்னா.

எங்களுக்கு மொழிபெயர்க்க லுத்மிலான்னு ஒரு ரஷ்யப் பொண்ணு. அங்கேயே காலேஜுல தமிழ் படிச்சது. புஸ்தகத்துல இருக்கிற மாதிரிதான் பேசும். வாசல்ல நின்னுக்கிட்டு அது சொல்லுச்சு: "இக்கைகளுக்காக என்று கூறுகிறார்."

இக்கைகளுக்காக! இந்தக் கைகளுக்காகன்னு அர்த்தம். யார் கையைச் சொன்னா? நீங்களே சொல்லுங்க. ராத்திரி பகல்னு தோலை அடிச்சு அடிச்சுக் காப்புக் காய்ச்ச கை எது? நான் நீட்டினேன். வாங்கினேன்.

கைக்குட்டையைப் பிரிச்சா, சுண்ணாம்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. மயில் கழுத்து நீலத்துல எனாமல். அந்த நீலத்துக்கு அடியில அலை அலையா கோடு ஓடுது, திருப்பினா தண்ணி அசையற மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் தங்கம், முலாம் இல்லை, நல்ல தங்கம். மூடும்போது சத்தமே வரலை. என் ஆயுசுல அப்படி ஒரு பொருளைத் தொட்டதில்லை.

ஒரு நிமிஷம்மா. ஒரே ஒரு நிமிஷம்தான் என் கையில இருந்துச்சு. எங்களைக் கூட்டிக்கிட்டுப் போன அதிகாரி பாத்துட்டார். "தங்கமா? பழைய சாமானா? இந்த ஊர்ல இருந்து இதெல்லாம் வெளியே கொண்டு போகக் கூடாதுய்யா, ஏர்போர்ட்ல பிடிச்சா எல்லாரும் மாட்டிக்குவோம், திருப்பிக் குடுங்க"ன்னு குதிச்சார். உடனே பத்மாசனி அம்மா எழுந்து வந்து, "என் நகைப் பெட்டியில போட்டுட்டா கலந்துடும், யாரும் கேக்க மாட்டா"ன்னு என் கையில இருந்து வாங்கிட்டாங்க. வாங்கினாங்கன்னு சொல்றது மரியாதைக்கு. எடுத்தாங்க. ஒட்டியாணத்துக்கும் ஜடை பில்லைக்கும் நடுவுல போட்டு மூடினாங்க.

கிழவி எனக்குப் பின்னால போய், தரையில குந்தி, இவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரொம்ப நேரம் விடவேயில்லை. வித்வானோட சம்சாரம்ங்கிற மரியாதை. அதுக்குள்ள பஸ் வந்தாச்சுன்னு எல்லாரையும் விரட்டிட்டாங்க.

மெட்ராஸ் வந்தோம். ஒரு வாரம் பாத்தேன், பத்து நாள் பாத்தேன். அந்தம்மா வாயைத் திறக்கலை. அடையாறுல அவங்க வீட்டுக்கு ஒத்திகைக்குப் போனப்ப கேட்டேன்.

"அம்மா, அந்தப் பெட்டி..."

"எந்தப் பெட்டி?"

"ரஷ்யாக்காரி எனக்குக் குடுத்தாளே."

சிரிச்சாங்கம்மா. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. "உங்களுக்கா? கைகளுக்காகன்னுன்னா சொன்னா. என் ஹஸ்த முத்திரையைப் பாத்துட்டுக் குடுத்திருக்கா. அபிநயம் புரிஞ்சவ. மிருதங்கத்துக்கு யாராவது தங்கப் பெட்டி குடுப்பாளா, குஞ்சிதபாதம்?"

மிருதங்கத்தைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடிச்சேன். அதோட சரி. அந்தம்மாவுக்கு அதுக்கப்புறம் வாசிக்கலை. மறு வருஷம் ஒரு பத்திரிகையில அவங்க போட்டோ வந்துச்சு, கண்ணாடி அலமாரி பக்கத்துல நின்னுக்கிட்டு, உள்ளே பெட்டி. 'ரஷ்ய ரசிகை அளித்த பரிசு.' நான் அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டேன்.

மத்தவங்களும் என்னைக் கூப்பிடறதை நிறுத்திட்டாங்க. அந்தம்மா சொல்லி வெச்சிருப்பாங்க. பின்னே? ஒரு நடன டீச்சரம்மா, உங்க கோபத்துக்கு பயந்துக்கிட்டுக் குழந்தைங்க தாளத்தை விடுதுன்னு சொன்னாங்க. எல்லாம் சாக்கு.

வீடு எப்படி ஓடுச்சுன்னு கேக்கறீங்களா? ஓடுச்சு. இவ நாலு துணி தைச்சா. இந்த ஊர்ல பாதி அரங்கேற்றம் இவ தைச்ச துணியிலதான் நடக்குதுன்னு சொல்வாங்க. இருக்கட்டும். எனக்கு வயிறு எரிஞ்சது எதுக்குன்னா, இவ பத்மாசனி அம்மாவுக்கும் தைச்சுக்கிட்டிருந்தா. என் எதிரிக்கு! என் வீட்ல உக்காந்து! தைக்கக் கூடாதுன்னு சொன்னேன். மிஷினை வாசல்ல தூக்கி வெச்சேன் ஒரு தடவை. இவ அதைத் தூக்கி உள்ளே வெச்சா. "அவங்க அளவு எனக்குத்தான் தெரியும், வேற யார் தைச்சாலும் தோள்ல தூக்கும்"னா. தோள்ல தூக்கினா தூக்கட்டுமேடின்னேன். காதுலயே வாங்கலை. முப்பத்தஞ்சு வருஷம்மா. மாசத்துக்கு ரெண்டு தடவை அந்த வீட்டுக்குப் போவா. அந்தக் கண்ணாடி அலமாரியைத் தாண்டித்தான் போகணும். ஒரு தடவையாவது அதைப் பத்தி வாயைத் திறந்தாளா? கிடையாது.

போன வருஷம் அந்தம்மா போய்ச் சேர்ந்தாங்க. சபாவுல அஞ்சலிக் கூட்டம். நான் பேசறதுக்குன்னே போனேன். செத்தவங்களைப் பத்திக் குறை சொல்லக் கூடாதாம். யார் சொன்னது? உயிரோட இருந்தப்ப யார் என்னைப் பேசவிட்டாங்க? மேடையில ஒரு மேஜை. மேஜை மேல அவங்க சலங்கை, அதுக்குப் பக்கத்துல கண்ணாடி மூடி போட்டு, அந்தப் பெட்டி. பூ வேற வெச்சிருக்காங்க அதுக்கு. ஒவ்வொருத்தரா வந்து அதைக் காட்டிக் காட்டிப் பேசறாங்க. லெனின்கிராடையே கண்ணால கட்டிப் போட்டாங்களாம்.

நான் எழுந்து நின்னேன். மைக் தேவைப்படலை எனக்கு. "அந்தப் பெட்டி என்னோடது. என் கைக்குக் கொடுத்தது. முப்பத்தஞ்சு வருஷமாத் திருட்டுச் சொத்தைக் காட்டி மாலை வாங்கியிருக்காங்க"ன்னேன். ஒருத்தர் என் தோளைப் பிடிச்சு உக்காத்தப் பாத்தார். தள்ளிவிட்டேன். பத்மாசனி அம்மாவோட பொண்ணு நிரஞ்சனா, மேடையில வெளிறிப் போய் நிக்குது.

அப்பத்தான் முன் வரிசையில இருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்தாங்க. நரைச்ச முடி, பருத்திப் புடவை. தமிழ் மாநாட்டுக்கு வந்தவங்களாம், நிரஞ்சனா கூப்பிட்டிருக்கு. எனக்கு அடையாளம் தெரியலை. வாயைத் திறந்ததும் தெரிஞ்சது. அதே புஸ்தகத் தமிழ்.

"ஐயா, அமைதி கொள்க. நான் லுத்மிலா. அன்று அவ்வறையின் வாயிலில் நின்றவள் நானே."

"நீங்களே வந்துட்டீங்களா! சொல்லுங்கம்மா இவங்களுக்கு. யார் கைக்குக் குடுத்தான்னு சொல்லுங்க"ன்னேன்.

"தங்கள் கைகளுக்கு அன்று, ஐயா. அம்மையார் பத்மாசனியின் கைகளுக்கும் அன்று."

லுத்மிலா என்னைத் தாண்டிப் போறாங்க. நடு வழியா நடந்து, கடைசி வரிசைக்குப் போறாங்க. அங்கே இவ உக்காந்திருக்கா, மடியில துணிப்பையை வெச்சுக்கிட்டு. அவங்க கிட்டப் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தையல்நாயகி அம்மையாரே, நலமா?"ன்னாங்க.

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் பேரோட கூப்பிடறாங்க. இவ எழுந்து நிக்கிறா. "நல்லா இருக்கேம்மா. வேரா?"ன்னு கேட்டா. அதைத்தான் முதல்ல கேட்டா.

"நீங்கள் சென்ற மறு ஆண்டே காலமானார்."

அப்புறம் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க. வேராவோட அம்மாவும் தையல்காரியாம். ஒரு பெரிய வீட்டுச் சீமாட்டி புரட்சியில நாட்டை விட்டு ஓடும்போது, தனக்குத் தைச்சுக் கொடுத்த அந்தப் பொம்பளைக்குக் கொடுத்துட்டுப் போன பெட்டியாம் அது. பின்னால யுத்தத்துல ஜெர்மன்காரன் அந்த ஊரைச் சுத்தி வளைச்சுட்டான். ரெண்டரை வருஷம் சோறு தண்ணி உள்ளே போகலை. வேரா வீட்ல இருந்த ஒவ்வொரு சாமானையும் ரொட்டிக்குக் கொடுத்தாச்சு. பெட்டியை மட்டும் கொடுக்கலை. அவ பொண்ணு அந்தப் பட்டினியிலயே செத்துப் போச்சு. ரெண்டு வயசு. அதோட தலைமுடி ஒரு சுருள், இவளுக்குக் கொடுக்கற வரைக்கும் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சாம். பெட்டியை முன்னாடியே வித்திருந்தாப் புள்ளை பொழைச்சிருக்குமோன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாளாம்.

"இவர் விசிறி மடிப்பைத் தைத்த அன்று மாலை, வேரா தம் மகளைக் குறித்துச் சைகையால் கூறினார். தையல்நாயகி அம்மையார் பத்து விரல்களையும் காட்டினார். பின்னர் எட்டு விரல்களைக் காட்டினார். பின்னர் இப்படிக் கைகளைத் தொட்டில்போல் வைத்துக்கொண்டார். நான் அருகில் இருந்தேன். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை."

பதினெட்டு நாள். எங்களுக்கு ஒரு பொண்ணு பிறந்து பதினெட்டு நாள் இருந்துச்சு. எண்பத்திரண்டுல. அப்புறம் பிறக்கவேயில்லை. அதைப் போய் ஒரு அந்நிய தேசத்துக் கிழவிகிட்ட... சபாவுல முந்நூறு பேருக்கு முன்னால அதைச் சொல்றாங்க. எனக்கு எப்படி இருக்கும்? நீங்க சொல்லுங்க.

நிரஞ்சனா கண்ணாடி மூடியை எடுத்துட்டு, பெட்டியை ரெண்டு கையாலயும் கொண்டு வந்து இவகிட்ட கொடுத்துச்சு. "அம்மாவுக்குத் தெரியாதும்மா, நிஜமாத் தெரியாது"ன்னு அழுவுது. இவ அதோட கன்னத்தைத் துடைச்சுவிட்டா. பெட்டியை வாங்கி, டிபன் டப்பாவைப் போட்டுக்கிற மாதிரி துணிப்பைக்குள்ள போட்டுக்கிட்டா. நான் நடுக்கூடத்துல நிக்கிறேன். உக்காரணுமா, போகணுமான்னு தெரியலை. ஒருத்தன்கூட என்னைப் பாக்கலை.

ஆட்டோவுல கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"அன்னிக்கே. என்னைப் பாத்துக்கிட்டுத்தானே நீட்டினா. நீங்க நடுவுல கையை நீட்டிட்டீங்க."

"ஏன்டி சொல்லலை? முப்பத்தஞ்சு வருஷம் நான் தொழிலை விட்டு, மரியாதையை விட்டு, வீட்டுல உக்காந்து வெந்துக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"யார் கை, யார் கைன்னு நீங்க ரெண்டு பேரும்தான் சண்டை போட்டீங்க. உன் கையான்னு ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? எனக்குக் கொடுத்ததுன்னு வேராவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது எங்க இருந்தா என்ன?"

என்ன திமிர் பாருங்க! அதுக்கப்புறம் நான் இவகூடப் பேசலை. ஒரு மாசம் பேசலை. சோறு வெச்சா, தின்னேன். பேசலை. லுத்மிலாவுக்கு வயசாச்சு, மறந்திருக்கும், மாத்திச் சொல்லியிருக்கும்னுகூட நினைச்சேன். இப்பவும் சில நேரம் நினைக்கிறேன். அந்தக் கோர்வையை நீங்க கேட்டிருக்கணும்.

போன வெள்ளிக்கிழமை இவ கோயிலுக்குப் போனப்ப பீரோவைத் திறந்தேன். என் கையில ஒரு நிமிஷம்தானே இருந்துச்சு. இன்னும் ஒரு தடவை பாக்கலாம்னுதான். வேற எண்ணம் இல்லை. எடுத்தேன். அதே நீலம். மூடியைத் திறந்தேன்.

உள்ளே ரெண்டு வசம்பு வளையல் இருந்துச்சு. குழந்தை கையில போடுவாங்களே, மணி மணியாக் கோத்து, அது. என் கட்டைவிரல்கூட உள்ளே போகாது. கறுத்து, காஞ்சு. இன்னும் லேசா வசம்பு வாசனை.

திரும்பிப் பாத்தேன். இவ வந்து வாசற்படியில நிக்கிறா. கையில அர்ச்சனைத் தட்டு.

"இத்தனை வருஷம் இதை எங்கே வெச்சிருந்தே?"

"மிஷின் டிராயர்ல. பாபின் டப்பாவுல."

"என்கிட்ட ஏன் காட்டலை?"

தட்டைக் கீழே வெச்சுட்டு மெதுவாச் சொன்னா. கோபமாச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாச் சொன்னா. "அந்தப் பேச்சை எடுத்தாலே நீங்க எழுந்து போயிடுவீங்க."

நான் எங்கேம்மா எழுந்து போனேன்? குழந்தை போன அன்னிக்குச் சாயங்காலம் கும்பகோணத்துல கச்சேரி. ஒத்துக்கிட்டாச்சு. போகாம இருக்க முடியுமா? நல்லா வாசிச்சேன்னு சொன்னாங்க. மறுநாள் திரும்பி வந்தப்ப தொட்டில் கட்டின இடத்துல வெறும் கொக்கி இருந்துச்சு. புடவையை எடுத்து மடிச்சு வெச்சிருந்தா. நான் ஒண்ணும் கேக்கலை. அழுதாளா, யார் கூட இருந்தாங்க, எங்கே புதைச்சாங்க, ஒண்ணும் கேக்கலை. அடுத்த நாள் இன்னொரு கச்சேரி.

அந்தக் கிழவிக்கு ஆறு நாள்ல தெரிஞ்சிருக்கு. சைகை காட்டிக் கேட்டிருக்கா. எனக்கு இவ பாஷை தெரியும். நான் கேக்கலை.

கோபம் வருதும்மா. உடம்பெல்லாம் எரியுது. அந்தம்மா மேலதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவங்களும் போயிட்டாங்க. இப்போ இதை யார் மேல காட்டறதுன்னு தெரியாம இந்த வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டிருக்கேன்.

செருப்புச் சத்தம் கேக்குது. வந்துட்டா. உங்க ரெக்கார்டரை நிறுத்தாதீங்க, ஓடட்டும். பெட்டியைப் பத்தி அவகிட்டயே கேளுங்க. வேராவைப் பத்திக் கேளுங்க. அப்புறம்... குழந்தையைப் பத்தியும் கேளுங்க. பேரு வெச்சிருந்தாளா, எனக்குத் தெரியாம ஏதாவது பேரு வெச்சிருந்தாளான்னு கேளுங்க.

நான் இங்கேயேதான் உக்காந்திருக்கேன். எழுந்து போகலை.